பத்தாம் வருசத்து மெழுகுவத்தி

முதலில் ஓடும், பிறகு நடக்கும், அப்புறம் தவழும், ஆனால் ஒருநாளும் உட்காராது. அது என்ன?

அவசரப்பட்டு விடை சொல்லிவிட வேண்டாம். மிக்கேல்திடல்காரர்கள் அப்படித்தான் அவசரப்பட்டார்கள். ஓடுவதைப் பார்த்த உடனேயே, இது ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதனால்தான் அந்த ஊர்க் கோயிலின் தலைவாசல், ஒரு தென்னைமரம் நிமிர்ந்தபடியே உள்ளே நடந்துபோகலாம் என்கிற உயரத்தில் இன்றைக்கும் நிற்கிறது. பூசை நேரத்தில் கடற்காற்று அந்த வாசல் வழியாகத் தாராளமாக வந்து, பீடத்து விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பங்குச் சாமியாரின் மூக்குக்கண்ணாடியில் கொஞ்சம் உப்பைப் பூசிவிட்டு, பக்கக் கதவு வழியாகப் போகிறது.

ஆறு பல கிளையாகப் பிரிந்து, களைத்து, கடல் எந்தப் பக்கம் என்று தடவிக்கொண்டு போகிற இடத்தில் இருக்கிறது மிக்கேல்திடல். அங்கே மதலேன் என்று ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டுக்காரன் ராயப்பன், டிராக்டர் ஓட்டுகிறவன். மதலேனுக்கு வயிற்றில் தங்கிய பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்துபோனதால், நான்காவது தடவை அவள் ஊர்க் கோயிலின் காவல் தூதர் மிக்கேல் சம்மனசின் காலடியில் மண்டியிட்டு ஒரு வேண்டுதல் வைத்தாள். இந்தப் பிள்ளை தங்கினால், வருசா வருசம் உன் திருநாளுக்கு, அதன் உயரத்துக்கு ஒரு மெழுகுவத்தி கொண்டுவந்து ஏற்றுகிறேன் என்றாள். ஆளுயர மெழுகுவத்தி அந்தப் பக்கத்தில் புதிய வழக்கம் இல்லை. குதிகாலிலிருந்து உச்சந்தலை வரை நூல் பிடித்து அளந்து, அந்த நூலைக் கோயில் வாசலில் மெழுகுவத்தி வார்க்கிற இஞ்ஞாசியிடம் கொடுத்தால், அவர் நூலின் நீளத்துக்குக் குழாய் வெட்டி, மெழுகை ஊற்றி வார்த்துத் தருவார்.

மதலேன் பிள்ளையைச் சுமந்த அதே வருடம்தான் எண்ணெய்க் கம்பெனி ஊருக்கு வந்தது. ராயப்பனுக்கு மேற்கே ஒரு உவர்நிலம் கிடந்தது. கோரையைத் தவிர எதுவும் அதில் முளைத்ததில்லை. அந்த நிலத்தில் கம்பெனி கிணறு தோண்டியது. கீழே எண்ணெய் குளம்போலத் தேங்கிக் கிடக்கவில்லை. ஷேல் என்று சொல்லப்படும் பாறைக்குள், பழைய புத்தகத்தின் ஏடுகளைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கிற பாறைக்குள், துளித்துளியாக ஒளிந்துகொண்டிருந்தது. அதனால் கம்பெனிக்காரர்கள் நேராகக் கீழே போய், அங்கிருந்து படுக்கைவசமாகத் திரும்பி, தண்ணீரையும் மணலையும் பெரும் அழுத்தத்தில் உள்ளே செலுத்தினார்கள். பாறை மயிரிழை மயிரிழையாக விரிசல் விட்டது. விட்ட விரிசல் மூடிக்கொள்ளாதபடி மணல் அதில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த மணலை டிராக்டரில் ஏற்றிப்போனவன் ராயப்பன்தான்.

மிக்கேல் சம்மனசின் திருநாளன்று, தேர் மேலத்தெரு முனையில் திரும்பும்போது, கிணற்றின் வால்வைத் திறந்தார்கள். அதே நேரத்தில் மதலேனுக்குப் பெண் பிறந்தது. கிணறு போட்ட சத்தமும் குழந்தை போட்ட சத்தமும் ஒன்றாகக் கேட்டதில், எது முந்தி என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. குழந்தைக்கு நித்திய சகாயமேரி என்று ஞானஸ்நானம் கொடுத்து, சகாயி என்று கூப்பிட்டார்கள்.

கிணறு ஓடிய ஓட்டத்துக்குச் சகாயி வளர்ந்தாள்.

வளர்ந்தாள் என்றால் உயரம் மட்டும்தான். பல் அந்தந்தக் காலத்தில் முளைத்தது, பேச்சு அந்தந்தக் காலத்தில் வந்தது. ஆனால் பொங்கல் வந்தபோது, மடியில் படுத்துப் பால் குடிக்கிற குழந்தையின் கால் நிலைப்படியைத் தொட்டது. ஈஸ்டர் வந்தபோது தொட்டிலை அவிழ்த்துவிட்டுப் பாயை விரித்தார்கள். அவள் தவழ்ந்தால் கன்றுக்குட்டி தெருவில் வருகிற மாதிரி இருந்தது. கம்பெனிக்காரர்கள் பழுதுபார்க்க ஒரு வாரம் வால்வை மூடிவைத்தால் அந்த வாரம் சட்டை அளவாகவே இருந்தது. மறுபடி திறந்தால், காலையில் போட்ட சட்டை சாயங்காலத்துக்குள் தொப்புளுக்கு மேலே ஏறியது. ஆகவே இரண்டுக்கும் ஒரே ஓட்டம் என்பது தையற்காரரிலிருந்து தொடங்கி எல்லோருக்கும் தெரிந்துபோனது.

மதலேன் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு டவுனுக்குத் தடுப்பூசி போடப் போனாள். பஸ்ஸில் கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏம்மா, இந்தப் பாப்பாவுக்கு டிக்கெட் எடு.”

“கைப்புள்ளைக்கு ஏதுண்ணே டிக்கெட்டு? பத்து மாசம்தான் ஆவுது.”

“பத்து மாசமா? காலு முன் சீட்டுல கெடக்கு.”

“வாயைப் பாருங்க, பல்லு ரெண்டுதான்.”

கண்டக்டர் குனிந்து பார்த்தார். சகாயி அவருடைய விசிலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பினாள். “ரெண்டுதான்,” என்று ஒப்புக்கொண்டு, முன் சீட்டுக்காரரிடம், “கைப்புள்ள சார், கொஞ்சம் தள்ளிக்குங்க,” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

முதல் திருநாள் வந்தது. மதலேன் நூல் பிடித்தாள். பிறந்த அன்று நர்சம்மா பிடித்த நூலைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தது. ஒரு வயதுப் பிள்ளை நாலடி உயரம். இஞ்ஞாசி நாலடிக்கு மெழுகுவத்தி வார்த்தார். மெழுகுக்கும் பஞ்சமில்லை, ஏனென்றால் அந்தக் கிணற்று எண்ணெய் ஆறினால் கெட்டிப்பட்டுக் குழாயெல்லாம் மெழுகாக ஒட்டிக்கொண்டது. கம்பெனி அதைச் சுரண்டிச் சுரண்டி, வேறெங்கே கொட்டுவது என்று தெரியாமல், கோயிலுக்குக் கொடுத்தது.

அன்றைக்குத்தான் கம்பெனி இன்ஜினியர் கோதண்டம் திருநாள் மேடையில் ஏறினார். அப்போது அவர் மீசை நன்றாகக் கறுத்த ஆள். கிணறு திறந்த முதல் மாதம் எவ்வளவு எண்ணெய் கொடுத்தது என்று மைக்கில் சொன்னார். சொல்லிவிட்டு, “இதே கதியில போனா,” என்று தொடங்கினார். அதற்குப் பிறகு அவர் சொன்னதை யாரும் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் அந்த மூன்று சொல் மட்டும் மேடையை விட்டு இறங்கி, கூட்டத்துக்குள் புகுந்து, தெருத்தெருவாகப் போய், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டது.

இதே கதியில போனா, என்றார் வாத்தியார், இந்தப் பெண் பத்து வயதில் தென்னைமர உயரம் இருப்பாள். இதே கதியில போனா, என்றார் பஞ்சாயத்துத் தலைவர், மின்கம்பியெல்லாம் தோளில் இடிக்கும், தூக்கிக் கட்டச் சொல்ல வேண்டும். இதே கதியில போனா, என்றார்கள் பெண்கள், இவளுக்குப் புடவை நெய்கிற தறி எந்த ஊரில் இருக்கிறது? பங்குச் சாமியாரும் யோசித்தார். முதன்முதலாக நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்க வரும் பெண் பிள்ளையை, வாசல் உயரம் போதவில்லை என்று வெளியே நிறுத்துவது முறையா? முறையில்லை என்று எல்லோருக்கும் தோன்றியது. தலைவாசல் நிலையை உடைத்து, சுவரை எழுப்பி, படகு கட்டுகிற ஆசாரிகளைக் கூட்டிவந்து, கூரை முகடு வரைக்கும் கதவு போட்டார்கள்.

இஞ்ஞாசி இன்னும் ஒரு படி மேலே போனார். மெழுகு இருக்கிறபோதே வார்த்துவைப்பது நல்லது என்று சொல்லி, கம்பெனி கழித்துப்போட்ட குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி, கோயில் மதிலோரம் நீளமாக வாய்க்கால்போலப் பள்ளம் வெட்டிக் கிடத்தி, பத்தாம் வருசத்து மெழுகுவத்தியை முன்கூட்டியே வார்த்துவிட்டார். ராயப்பன் டிராக்டர் வைத்துத்தான் அதை வெளியே இழுத்தான். வெள்ளை வெளேரென்று மதில் முழுக்க நீளமாகக் கிடந்தது. பையன்கள் அதன்மேல் வழுக்காமல் நடந்து பழகினார்கள்.

“நம்ம வீட்டு நிலையையும் தூக்கிடலாம், மதலேன். ஆசாரிங்க இருக்கிறப்பவே முடிச்சா ஆச்சு,” என்றான் ராயப்பன்.

“எவனும் தொடக் கூடாது.”

“புள்ள எப்படி வருவா?”

“குனிஞ்சு வருவா.”

“இதே கதியில போனா குனிஞ்சும் வர முடியாதுடி.”

“போனாத்தானே,” என்றாள் மதலேன். அவளுக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியாது. பிள்ளை வீட்டுக்கு வெளியே, வானத்துக்குப் பக்கத்தில், தன் கை எட்டாத இடத்தில் நின்றுகொண்டு அம்மா என்று கூப்பிடப் போகிறது என்ற நினைப்பு வந்தால், அவளுக்குச் சோறு இறங்காது. அதனால் நிலையைத் தொட விடவில்லை.

இரண்டாம் திருநாளுக்கு நூல் பிடித்து இஞ்ஞாசியிடம் கொடுத்தாள். அவர் அதை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

“நூலு சுருங்கிருச்சா மதலேன்?”

“புது நூலுதான் மாமா.”

“அப்ப புள்ளைய நிமிந்து நிக்கச் சொன்னியா?”

“நிமிந்துதான் நின்னா. இவ்வளவுதான் வளந்திருக்கா.”

முதல் வருடம் வளர்ந்ததில் பாதிகூட இல்லை. மூன்றாம் வருடம் அதிலும் பாதி. அதற்கடுத்த வருடம் நான்கு விரல். மேற்கே கிணற்றடியிலும் அதே கதைதான். முதல் வருடம் சப்பரம் வருகிற மாதிரி வரிசையாக வந்த டேங்கர் லாரிகள், பிறகு நாளுக்கு ஒன்றாக வந்தன, பிறகு வாரத்துக்கு ஒன்று வந்து, நிரம்புகிற வரைக்கும் டிரைவர் புன்னைமரத்தடியில் துண்டை விரித்துத் தூங்கினார்.

ஊருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தம் கொஞ்ச நாள் கோபமாகவும் இருந்தது. நம்மை நம்பவைத்து ஏமாற்றிவிட்டாள் என்று மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றிப் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். சில பேர் முட்டை கொண்டுவந்தார்கள், சில பேர் நண்டு ரசம் கொண்டுவந்தார்கள். “ஏன்டி சகாயி, ஒழுங்காத் திங்கிறியா இல்லியா? உனக்காகக் கோயிலையே இடிச்சிருக்கோம்,” என்று பக்கத்து வீட்டு லுத்தீனாள் அவள் கன்னத்தைப் பிடித்துக் கேட்டாள். சகாயி முட்டையையும் தின்றாள், ரசத்தையும் குடித்தாள், வளர்வதை மட்டும் தன் கணக்கில் வளர்ந்தாள்.

ஆனால் மனுசர்கள் எத்தனை நாளைக்குத்தான் கோபமாக இருக்க முடியும்? வாசல் பெரிசாக இருக்கிறதே, அதை என்ன செய்வது என்று யோசித்தார்கள். முன்பெல்லாம் மழை வந்தால் தேரின் முடியைக் கழற்றி, சம்மனசைத் தனியாகத் தூக்கி உள்ளே கொண்டுபோவார்கள். இப்போது தேரை அப்படியே உள்ளே உருட்டினார்கள். பக்கத்து ஊர்த் தேரும் மழைக்கு வந்து ஒதுங்கியது. தகைவிலான் குருவிகள் உத்தரத்தில் கூடு கட்டிக்கொண்டு பூசைக்குத் தவறாமல் வந்தன. காற்றில் மெழுகுவத்தி அணைந்துபோகிறது என்று சொல்லி, இஞ்ஞாசி தடித்த திரி போட்டு வார்க்கப் பழகினார். பிறகு ஒரு புயல் வந்து, மின்சாரம் போனது போனபடியே கிடந்தபோது, சாமியார் மதிலோரம் கிடந்த பத்தாம் வருசத்து மெழுகுவத்தியை அறுக்கச் சொன்னார். வீட்டுக்கு ஒரு சாண். அதிலிருந்து, மின்சாரம் போனால் யாராவது அரிவாளோடு வந்து, “சகாயி, ஒரு சாண் எடுத்துக்கறேம்மா,” என்று ஒரு சொல் கேட்டுவிட்டு அறுத்துப்போவது பழக்கமானது. அது வருடத்துக்கு வருடம் குட்டையானது. அவள் வருடத்துக்கு வருடம் நீளமானாள்.

எவ்வளவு நீளம் என்றால், ஒரு வருடம் ஒரு விரல், ஒரு வருடம் அரை விரல், ஒரு வருடம் புளியங்கொட்டை அளவு, போன வருடம் ஓர் அரிசி. மொத்தத்தில் ஒன்பது வயதுக்கு ஆறடி. பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் தனி பெஞ்சு. முருங்கைக்காய் பறிக்க ஊரில் யாரும் துறட்டியைத் தேடுவதில்லை, சகாயியைத்தான் கூப்பிட்டார்கள். வீட்டு நிலையில் குனிந்து நுழைவாள். திருநாளுக்கு முந்தின சாயங்காலம் மதலேன் முக்காலியை எடுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, அவள் உச்சந்தலையில் கை வைத்து நூலைப் பிடிப்பாள். போன வருசத்து நூலோடு சேர்த்துப் பிடித்து, இரண்டு பேரும் வெளிச்சத்தில் உற்றுப் பார்ப்பார்கள். எங்கேம்மா, எங்கேம்மா என்று சகாயி கேட்பாள். இதோ, என்று மதலேன் அந்த அரிசி அளவை நகத்தால் காட்டுவாள்.

இப்படியிருக்கும்போது கம்பெனிக்காரர்கள் மறுபடி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து எல்லோரும் பெரிய வாசலின் நிழலில் நின்றார்கள். கோதண்டத்தின் மீசையில் பாதி நரைத்திருந்தது.

“கிணத்துல இப்ப ஒண்ணும் பெருசா வரல,” என்றார் அவர். “கம்பெனிக்குக் கட்டுப்படியாகல. ரெண்டு வழி இருக்கு. சிமெண்டு ஊத்தி மூடிட்டுப் போயிடறோம். இல்லேன்னா இன்னொரு தரம் தண்ணியும் மணலும் விட்டு அழுத்தறோம். நிலம் ராயப்பனோடது. அவங்க வீட்ல சொல்றதுதான்.”

“அழுத்தினா?” என்றார் பஞ்சாயத்துத் தலைவர்.

“புதுசா விரிசல் விடும். மறுபடி ஓடும்.”

கூட்டத்தில் பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் அண்ணாந்து வாசலைப் பார்த்தார்கள். ராயப்பனும் பார்த்தான்.

“ஓடட்டும்னே சொல்லிடலாம்,” என்றான் அவன். “கட்டின வாசல் வீணா நிக்குது.”

“முதல்ல கிணத்து ஓட்டம் எதுக்குய்யா நின்னுச்சு?” என்றார் இஞ்ஞாசி.

“நிக்கல,” என்றார் கோதண்டம். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, வாசலையே காட்டினார். “திருநாள் பூசை முடிஞ்சு இந்தக் கதவைத் திறந்தா யாரு முதல்ல வெளியே வருவாங்க? வாசல்கிட்ட நிக்கிற இளவட்டம். முட்டித் தள்ளிக்கிட்டு வரும். பாத்தா ஊரே ஒரு நிமிசத்துல காலியாயிடும்போல இருக்கும். அப்புறம் நடுவுல உக்காந்தவங்க வருவாங்க. பீடத்துக்கிட்ட மண்டி போட்டிருக்கிற ஆயாக்கள் கடைசியா, ஒவ்வொருத்தரா வருவாங்க. பாறையும் அப்படித்தான். விரிசலுக்குப் பக்கத்துல இருந்த எண்ணெய் முதல் வருசமே ஓடி வந்துருச்சு. தூரத்துல இருக்கிறது பாறைக்குள்ள ஊர்ந்து ஊர்ந்துதான் வரணும். முதல் நிமிசத்து வேகத்தை வெச்சு மொத்தக் கூட்டத்தையும் கணக்குப் போடக் கூடாது.”

“அதை அன்னிக்கு மைக்குல சொல்லியிருக்கலாமே தம்பி,” என்றார் சாமியார்.

“அன்னிக்கு ஓடுறதுதான் ஃபாதர் என் கண்ணுக்கும் தெரிஞ்சுது.”

“அழுத்தின பிறகும் இதே மாதிரிதானா?”

“இதே மாதிரிதான். ஒரு வருசம் ஓடும். அப்புறம் நடக்கும். அப்புறம் ஊரும்.”

அந்த ஒரு வருசம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மதலேன் கணக்குப் போட்டாள். முதல் வருடத்தில் இரண்டரை அடி. இப்போதைய ஆறடியோடு இன்னும் இரண்டரை. “மூடிடுங்க,” என்றாள் அவள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து. “சிமெண்டு ஊத்தி மூடிடுங்க. எம்புள்ள இருக்கிற உயரத்துல இருக்கட்டும். எனக்கு எட்டுற உயரத்துல இருக்கட்டும்.”

“என்னடி நீ, ஊரே கேக்குது,” என்றான் ராயப்பன்.

“ஊரா பெத்துச்சு?”

இஞ்ஞாசி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “மதலேன், கோச்சுக்காத. கிணத்தை மூடினா உயரம் மட்டும்தான் நிக்குமா, வேற எதுவும் நிக்குமா, யாருக்காச்சும் தெரியுமா?”

கோதண்டம் அது தன் படிப்பில் இல்லை என்றார். மதலேனின் கை அவள் வாயைப் பொத்திக்கொண்டது. அழுத்து என்று சொல்லவும் அவளால் முடியாது, மூடு என்று சொல்லவும் இனி முடியாது. ராயப்பனும் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தான்.

“வளரப்போறது அவ,” என்றார் சாமியார். “அவளைக் கேளுங்க.”

சகாயி மதிலோரம், பத்தாம் வருசத்து மெழுகுவத்தியின் மேல் நின்றுகொண்டிருந்தாள். அதில் இப்போது ஒரு ஆள் படுக்கிற நீளம்தான் மீதி. கூப்பிட்டதும் இறங்கி வந்தாள். ஊரில் எல்லோரும் அவளைப் பார்க்க நிமிர்ந்தார்கள். அவள் கோதண்டத்தைப் பார்க்கக் குனிந்தாள்.

“நான் முதல்ல தவழ்ந்தேன், அப்புறம் நடந்தேன், இப்ப ஓடறேன்,” என்றாள். “அது தலைகீழா?”

“தலைகீழ்தான் பாப்பா. உன் உயரம் மட்டும் அதோட சேத்தி.”

“இப்ப ஒண்ணுமே வரலியா?”

“வருது. ஒரு நாளைக்கு ரெண்டு குடம்.”

“ரெண்டு குடம் எத்தனை நாளைக்கு வரும்?”

கோதண்டம் யோசித்தார். “குறைஞ்சு குறைஞ்சு வரும். ஒரு குடமாவும், அரைக் குடமாவும். நான் ரிடையர் ஆன பிறகும் வரும். நீ கிழவியான பிறகுகூட வரலாம். ஆனா கம்பெனி அதுக்காக இங்க உக்காந்திருக்காது. ஒரு சின்ன பம்பு வெச்சுட்டுப் போகலாம், தலையாட்டிக்கிட்டே கிடக்கும். வர்ற மெழுகு கோயிலுக்கு ஆகும். யாரும் அதைக் கேக்கறதில்ல.”

“வருசத்துக்கு ஒரு மெழுகுவத்திக்கு ஆகுமா, தாத்தா?” என்று அவள் இஞ்ஞாசியிடம் கேட்டாள்.

“ஆளுயரத்துக்கா? ஆகும். ஊருக்கும் சேத்தே ஆகும்.”

சகாயி அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பெரிய வாசலையும் ஒரு தடவை பார்த்தாள்.

“அழுத்தினா அம்மா முக்காலி மேல முக்காலி போட்டு ஏறணும். விழுந்துடுவாங்க,” என்றாள். “மூடினா அளந்து பாக்க ஒண்ணும் இருக்காது.”

சின்ன பம்பை வைத்துவிட்டுப் போகச் சொன்னாள்.